மேய்ச்சற்றரையும் நிலவுரிமையும்: மொங்கோலிய ஆராய்ச்சியொன்று காட்டும் உண்மை

உழவன் ஒருவனை நோக்கி, "உன் நிலம் எது?" என்று வினவினால் அவன் தயக்கமின்றித் தன் வேலியைக் காட்டுவான். வேலிக்கு ஆதாரமாக உறுதியும், உறுதிக்கு ஆதாரமாக நில அளவைப் படமும் அவனிடம் உண்டு. அவனுடைய பயிர் அந்த எல்லைக்குள்ளேயே முளைத்து, வளர்ந்து, விளைகின்றது. ஆகவே, எல்லையிடப்பட்ட ஒரு துண்டு நிலத்தின்மீது ஒருவனுக்குள்ள தனியுரிமையே நிலவுரிமை என்னும் எண்ணம், உழுதொழில் செய்யும் சமுதாயங்களில் இயல்பாகவே வேரூன்றியுள்ளது. ஆனால், ஆநிரை மேய்த்து வாழ்பவனிடம் அதே வினாவை எழுப்பினால் விடை அத்துணை எளிதன்று. கோடையில் அவன் ஓரிடத்தில் இருப்பான். குளிர்காலத்தில் வேறோரிடத்தில் இருப்பான். மழை பொய்த்த ஆண்டில் தான் முன்பு மிதித்தறியாத நிலத்துக்கும் செல்வான். இவற்றுள் எது அவன் நிலம்? எல்லாம் அவனுடையன எனின் பிறர்க்கு இடம் எங்கே? எதுவும் அவனுடையதன்று எனின் அவன் வாழ்வது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு மொங்கோலிய நாட்டு ஆயரிடையே பல்லாண்டுகள் ஆராய்ச்சி செய்தவர் பேராசிரியர் மரியா பெர்னாண்டஸ்-ஹிமனெஸ் என்னும் அம்மையார். அவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லிப் பிரிவில் 1997ஆம் ஆண்டு கலாநிதிப் பட்ட ஆராய்ச்சியை நிறைவு செய்து, பின்னர்க் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகப் பணியாற்றியவர். அவர் புல்லையும் ஆராய்ந்தார். அப்புல்வெளியை ஆளுஞ் சட்டத்தையும் ஆராய்ந்தார். அச்சட்டத்தின்கீழ் வாழும் மக்களின் சொல்லையுங் கேட்டார். இம்மூன்றையும் ஒருங்கே நோக்கியமையே அவருடைய ஆராய்ச்சியின் சிறப்பாகும். அவர் கண்ட உண்மையை, அறிஞர் பிறர் கண்டவற்றோடு இயைத்து விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுநிலம் பற்றிய ஒரு கொள்கை

முதற்கண், இவ்வாராய்ச்சிக்குப் பின்னணியாக நின்ற ஒரு கொள்கையை அறிதல் வேண்டும். 1968ஆம் ஆண்டில் அமெரிக்க உயிரியலறிஞராகிய கரெற் ஹார்டின் என்பார், 'சயன்ஸ்' என்னும் இதழிற் பொதுநிலத்தின் அவலம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எல்லார்க்கும் பொதுவான ஒரு மேய்ச்சற்றரையைக் கற்பனை செய்து பாருங்கள் என்றார் அவர். அங்கு ஒருவன் தன் மந்தையில் மேலுமொரு மாட்டைச் சேர்த்தால், அதனால் வரும் இலாபம் முழுவதும் அவனைச் சாரும். அம்மாடு மேய்வதாற் புல்லுக்கு உண்டாகும் நட்டமோ எல்லாரிடையேயும் பங்கிடப்படும். எனவே ஒவ்வொருவனும் மாடுகளைப் பெருக்குவான். ஈற்றிற் புல்லும் அழியும், மாடும் அழியும். இக்கேட்டினைத் தவிர்க்க வேண்டுமாயின் நிலத்தைத் தனியார்க்குப் பிரித்துக் கொடுத்தல் வேண்டும். அன்றேல் அரசு அதனைத் தன் கட்டுப்பாட்டுக்குள் வைத்தல் வேண்டும் என்பது அதிலிருந்து பலர் பெற்ற முடிபாயிற்று. மேய்ச்சற்றரைகளை உடைய நாடுகள் பலவற்றின் நிலக்கொள்கையில் இம்முடிபு செல்வாக்குப் பெற்றது.

இவ்வாதம் கேட்பார்க்கு மறுக்கொணாததுபோலத் தோன்றும். ஆயினும் அதனுள்ளே சொல்லப்படாத ஓர் எடுகோள் மறைந்துள்ளது. அம்மேய்ச்சற்றரையில் உள்ளவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, விதி வகுப்பதில்லை, வகுத்த விதியை மீறியவனைக் கண்டிப்பதில்லை என்பதே அவ்வெடுகோள். எலினோர் ஒஸ்ற்றம் என்னும் அறிஞர் 1990இல் வெளியிட்ட நூலில், பொதுவளங்களைத் தம்முள் விதி வகுத்து நெடுங்காலம் பேணிவந்த சமுதாயங்களை எடுத்துக்காட்டினார். சுவிற்சலாந்தின் மலைப் புல்வெளிகளும் யப்பானிய ஊர்ப்பொதுக் காடுகளும் அவற்றுட் சில. இப்பணிக்காக அவர் 2009ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசினைப் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே. ஹார்டினும் 1994இல், தாம் கூறிய அவலம் ஆட்சியற்ற பொதுநிலத்துக்கே உரியது என்று தம் கூற்றைத் திருத்திக்கொண்டார். ஒருவர்க்கும் உரியதல்லாத நிலம் வேறு. ஒரு கூட்டத்தார்க்குப் பொதுவாக உரிய நிலம் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மொங்கோலியாவை நோக்குவாம்.

நாடும் காலநிலையும்

மொங்கோலியாவின் பரப்பு ஏறத்தாழ 15,64,000 சதுர கிலோமீற்றர். குடித்தொகையோ 35 இலட்சம் அளவே. நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டது மேய்ச்சற்றரையாகும். வடக்கே காடடர்ந்த மலைகளும், நடுவே பரந்த புல்வெளியும், தெற்கே கோபிப் பாலையும் அமைந்துள்ளன. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 30 பாகைக்கும் அப்பாற் செல்வதுண்டு. மழை குறைவு, பெய்வதும் பெரும்பாலும் கோடைத் திங்கள் சிலவற்றுள் அடங்கிவிடும். அம்மழையும் எங்கும் ஒரே சீராகப் பெய்வதில்லை. ஒரு பள்ளத்தாக்குப் பசுமையாயிருக்கும்போது அதற்கடுத்த பள்ளத்தாக்கு வறண்டு கிடத்தல் அங்கு வழக்கமான காட்சி.

இத்தகைய நாட்டில் குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறியாடு, வெள்ளாடு ஆகிய ஐவகை விலங்குகளை மக்கள் வளர்க்கின்றனர். பருவந்தோறும் கம்பளிக் கூடாரத்தைப் பிரித்து வேற்றிடஞ் செல்வர். கோடையில் ஆற்றோரம், குளிர்காலத்திற் காற்றுக்கு மறைவான மலையடி. இவற்றுட் குளிர்காலத் தங்கிடமே மிக இன்றியமையாதது. பல்லாண்டுகளாகப் படிந்து உலர்ந்த சாணம் அங்கே கனத்த படுக்கைபோற் கிடக்கும். உறைபனி இரவுகளில் விலங்குகளுக்கு வெம்மை தருவது அதுவே. அதனைச் சூழவுள்ள புல்லைக் கோடையில் எவரும் மேய்த்தலாகாது. அது பனிக்காலத்துக்கென விடப்பட்ட சேமிப்பு. இவையன்றி, விலங்குகளைக் கொழுக்கவைக்கவோ இடர் நேர்ந்தபோது தப்பவோ நெடுந்தொலைவு பெயர்ந்து செல்லும் வழக்கமும் உண்டு. இதனை 'ஓத்தர்' என்பர்.

இவ்வாழ்க்கைக்கு நேரும் பேரிடரை 'ஜூட்' என வழங்குவர். பனி ஆழமாக மூடிப் புல்லை மறைத்தால் அது வெள்ளை ஜூட். பனியே பெய்யாது குடிநீர் அற்றுப்போனாற் கறுப்பு ஜூட். உருகிய பனி மீண்டும் உறைந்து நிலத்தைக் கண்ணாடிபோல் மூடினால் இரும்பு ஜூட். எவ்வகையாயினும் விளைவு ஒன்றே: விலங்குகள் பட்டினியாலும் குளிராலும் ஆயிரமாயிரமாக மடியும்.

பழைய ஒழுங்குகள்

மொங்கோலியப் புல்வெளி என்றுமே ஆளுகையற்றுக் கிடந்ததில்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மஞ்சு அரசரின் ஆட்சி பரவியபின், நாடு 'கொஷூ' எனப்படும் பிரிவுகளாக வகுக்கப்பட்டது. குடிகள் தம் பிரிவின் எல்லையை அனுமதியின்றிக் கடத்தலாகாது. எல்லைக்குள்ளே யார் எப்பருவத்தில் எங்கே தங்குவது என்பதை வழக்காறும் தலைவர்களும் ஒழுங்குசெய்தனர். பௌத்த மடங்களும் பெரும் மந்தைகளை உடையனவாயிருந்தன. இவ்வொழுங்கு நீதியானது எனக் கொள்ளற்க. உயர்குடியினர்க்கும் மடங்களுக்கும் நல்ல நிலமும், எளியோர்க்கு எஞ்சியதும் கிடைத்தன. ஆயினும் அது ஓர் ஒழுங்காக இருந்தது.

1921ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர், 1929 முதல் 1932 வரை விலங்குகளை வலிந்து கூட்டுடைமையாக்க அரசு முயன்றது. மக்கள் தம் விலங்குகளைக் கொன்றனர், கலகமும் மூண்டது, முயற்சி கைவிடப்பட்டது. 1950ஆம் ஆண்டுகளில் அம்முயற்சி மீண்டும் தொடங்கி, 1960 அளவில் ஆயர் குடும்பங்கள் ஏறத்தாழ அனைத்தும் 'நெக்தெல்' எனப்படும் கூட்டுறவுப் பண்ணைகளுட் சேர்க்கப்பட்டன. நெக்தெல் மேய்ச்சலிடங்களைப் பகிர்ந்து கொடுத்தது, கிணறுகளைப் பேணியது, வைக்கோலைச் சேமித்தது, குடும்பங்கள் இடம்பெயர்வதற்கு லொறிகளை அனுப்பியது. ஒருவர் தமக்கெனத் தனியே வைத்திருக்கத்தக்க விலங்குகளின் தொகையை அரசு வரையறுத்தது. சுதந்திரம் குன்றியதெனினும், குளிர்காலப் புல்லைக் கோடையில் மேயவிடாது காக்கும் கட்டுப்பாடு நிலைபெற்றிருந்தது.

ஒழுங்கு குலைந்த காலம்

1990இல் மொங்கோலியா குடியாட்சிக்கு மாறிற்று. அடுத்த சில ஆண்டுகளில் நெக்தெல்கள் கலைக்கப்பட்டு விலங்குகள் தனியாருடைமையாயின. ஆனால் நிலத்தின் நிலை யாது? 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மேய்ச்சற்றரையைத் தனியார்க்கு உடைமையாகக் கொடுத்தலை விலக்கிற்று. விலங்கு தனியாருடையது, புல் அரசினுடையது, அப்புல்லை நாள்தோறும் காத்துவந்த அமைப்போ மறைந்துவிட்டது. ஆலைகளும் அலுவலகங்களும் மூடப்பட, வேலையிழந்தோர் பலர் புல்வெளிக்குத் திரும்பினர். அப்பத்தாண்டிலே ஆயர் குடும்பங்களின் தொகை இரு மடங்குக்கு மேலாகப் பெருகிற்று. கிணறுகள் பழுதடைந்தன; லொறிகள் இல்லாமையால் எளியோர் இடம்பெயர முடியாது ஓரிடத்திலேயே தங்கினர். 1990இல் ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சமாக இருந்த விலங்குகளின் தொகை, 1999இல் 3 கோடி 30 இலட்சத்தைக் கடந்தது. காஷ்மீர் எனப்படும் மென்மயிருக்கு உலகச் சந்தையில் இருந்த விலையினால் வெள்ளாடுகள் 1990இல் 50 இலட்சமளவிலிருந்து 2018இல் 2 கோடி 70 இலட்சமளவாகப் பெருகின.

ஆராய்ச்சி கண்ட முரண்

இந்த மாற்றத்தின் நடுவிலேதான் பெர்னாண்டஸ்-ஹிமனெஸ் அம்மையார் 1994, 1995ஆம் ஆண்டுகளிற் பயன்கொங்கர் மாகாணத்துக்குச் சென்றார். காங்காய் மலைத்தொடருக்கும் கோபிக்கும் இடைப்பட்ட பகுதியிலுள்ள ஜின்ஸ்ற், பயன்-ஓவோ என்னும் இரு மாவட்டங்களை ஆராய்ச்சிக் களமாகக் கொண்டார்.

புல்லைப் பற்றிய ஆராய்ச்சியில் அவர் கண்டது இது: மலைசார்ந்த புல்வெளியில் மேய்ச்சல் மிகுந்தாற் செடிகளின் வகையும் அளவும் அதற்கேற்ப மாறின, வறண்ட பாலைசார்ந்த புல்வெளியிலோ மேய்ச்சலினும் அவ்வாண்டு மழையே புல்லின் நிலையைப் பெரிதும் நிருணயித்தது. இதனால், 'இத்தனை ஏக்கருக்கு இத்தனை ஆடு' என ஒரே கணக்கை நாடு முழுவதற்கும் விதித்தல் பொருந்தாது என்பது பெறப்படும். வறண்ட நிலத்தில் இவ்வாண்டு நூறு ஆடு மேயத்தக்க இடம் அடுத்த ஆண்டு பத்து ஆட்டுக்கும் போதாது போகலாம். அங்கே அறிவுடைமையாவது ஆட்டை எண்ணுதல் மட்டுமன்று; தக்க காலத்தில் இடம்பெயர்தலுமாகும்.

மக்களைப் பற்றிய ஆராய்ச்சியில் அவர் கண்டது ஒரு முரண். 2002ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அதனை மேய்ச்சல் நிலவுரிமையின் முரண் எனக் குறிப்பிட்டார். ஆயனுக்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, உறுதிப்பாடு: தான் குளிர்காலத்துக்கென விட்டுவைத்த புல் தனக்கே கிடைக்கும் என்ற நம்பிக்கை. அந்நம்பிக்கை இல்லையாயின் எவனும் புல்லைச் சேமியான். மற்றொன்று, நெகிழ்ச்சி: வறட்சியோ பனியோ வந்தபோது பிறருடைய நிலத்துக்குச் செல்லக்கூடிய வாய்ப்பு. உறுதிப்பாடு வேண்டின் எல்லை இறுக்கமாதல் வேண்டும். நெகிழ்ச்சி வேண்டின் எல்லை தளர்தல் வேண்டும். ஒருவனே தன் குளிர்கால நிலத்துக்குக் காவலையும், பிறர் நிலத்துக்குத் திறந்த வாயிலையும் வேண்டுகின்றான். இது தன்னலத்தால் எழுந்த முரணன்று; அந்த வானிலையும் நிலமும் தோற்றுவித்த முரண்.

அரசு 1994ஆம் ஆண்டு நிலச்சட்டத்தை இயற்றி, குளிர்காலத் தங்கிடங்களையும் இளவேனிற் காலத் தங்கிடங்களையும் குடும்பங்களுக்கு ஒப்பந்தத்தின் மூலம் வழங்க வழிசெய்தது. அம்மையார் 1999இல் அதே பகுதிக்கு மீண்டுஞ் சென்று, பட்புயான் என்னும் மொங்கோலியப் புவியியலறிஞருடன் சேர்ந்து அச்சட்டம் நடைமுறைக்கு வந்த வகையை ஆராய்ந்தார். 2004இல் வெளியான அவர்களது கட்டுரைக்குச் 'சட்டமும் ஒழுங்கின்மையும்' என்னும் பொருளமைந்த தலைப்பு இடப்பட்டது. எழுத்திற் சட்டம் தெளிவாயிருந்தபோதும், உள்ளூர் அலுவலரும் ஆயரும் அதனை வெவ்வேறு வகையாகப் பொருள்கொண்டனர். தங்கிடம் ஒருவர்க்கு உரியதாயினும் அதனைச் சூழ்ந்த புல் யாருக்கு உரியது என்பது தெளிவாகவில்லை. பருவந் தவறிப் பிறர் நிலத்தில் மேய்த்தல் குறையவில்லை. தன் குளிர்காலப் புல்லைப் பிறர் மேய்த்துவிடுவர் என அஞ்சியவன், அதனைக் காக்கும் பொருட்டு அதன் அருகிலேயே தங்கினான். தங்கியதனால் அவனே அதனை மேய்த்தான். காவலே அழிவுக்குக் காரணமான விந்தை இது.

வேலி தீர்வாகுமா?

"அங்ஙனமாயின் நிலத்தைப் பிரித்து வேலியிட்டுக் கொடுத்தல் நன்றன்றோ?" என்று ஒருவர் வினவலாம். இதற்கு விடை அண்டை நாடுகளிற் கிடைக்கின்றது. மொங்கோலியாவும், சீனாவின் வட பகுதியும், உருசியாவின் தென் சைபீரியாவும் அருகருகே அமைந்தவை; புல்வகையும் வானிலையும் பெரிதும் ஒத்தவை; ஆட்சிமுறையில் மட்டும் வேறுபட்டவை. உருசியப் பகுதியில் மக்கள் நிலையான குடியிருப்புகளையுடைய அரசுப் பண்ணைகளிலும் கூட்டுப் பண்ணைகளிலும் அமர்த்தப்பட்டனர். சீனப் பகுதியில் 1980ஆம் ஆண்டுகள் தொடக்கம் மேய்ச்சல் நிலம் குடும்பங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டுப் பல இடங்களில் வேலியும் இடப்பட்டது. மொங்கோலியாவிற் பருவப் பெயர்ச்சி தொடர்ந்தது. கேம்பிறிஜ் பல்கலைக்கழக அறிஞர் டேவிட் சினீத் செயற்கைக்கோட் படங்களின் துணைகொண்டு இம்மூன்றையும் ஒப்பிட்டு 1998இல் வெளியிட்ட முடிபு வருமாறு: சிதைவுற்ற மேய்ச்சற்றரை உருசியப் பகுதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு; சீனப் பகுதியில் மூன்றிலொரு பங்குக்கு மேல்; மொங்கோலியாவிற் பத்திலொரு பங்கு. அரசுடைமையும் தனியுடைமையும் என்னும் இரு மருந்துகளும் நோயைத் தீர்க்கவில்லை. இடம்பெயர்ந்து மேய்த்த நிலமே அதிகங் கெடாதிருந்தது. இது 1990ஆம் ஆண்டுகளின் நிலை என்பதையும், பின்னர் மொங்கோலியாவிலும் விலங்குகள் பெருகி நெருக்கடி மிகுந்தது என்பதையும் மறத்தலாகாது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டு விலங்குகளின் தொகை 7 கோடியைத் தாண்டியது.

ஆயின், உரிமை எதனையும் எழுத்திற் பதியாமலே விட்டுவிடுதல் தக்கதாகுமோ எனின், அதுவும் தக்கதன்று. தென் கோபியில் ஓயு தொல்கோய் என்னும் பெருஞ் செம்புச் சுரங்கம் எழுந்தபோது, தம் மேய்ச்சலிடங்களும் நீர்நிலைகளும் பாதிப்புறுவதாக அங்குள்ள ஆயர் 2012இல் முறையிட்டனர். நெடிய பேச்சுக்களின் பின்னர் 2017இல் உடன்படிக்கை ஏற்பட்டது. வழக்காற்றில் மட்டும் வாழும் உரிமை, அயலாரிடையே மதிக்கப்படும். பெருஞ் சுரங்கத்தின் முன்னே அது தன்னை நிறுவ நெடுநாட் போராட நேரும்.

பனி வந்தபோது

உறுதிப்பாட்டுக்கும் நெகிழ்ச்சிக்கும் உள்ள முரண் பேரிடர்க் காலத்தில் அறமுரணாகவே மாறுகின்றது. 1999 முதல் 2002 வரையான குளிர்காலங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட விலங்குகள் மடிந்தன. 2009–2010ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி விலங்குகள், அஃதாவது நாட்டின் மந்தையில் ஐந்திலொன்றுக்கு மேற்பட்டவை, அழிந்தன. 2023–2024இல் மீண்டும் 70 இலட்சத்துக்கு மேற்பட்டவை மாண்டன.

2009–2010ஆம் ஆண்டு இடரை ஆராய்ந்து அம்மையாரும் உடனுழைத்தோரும் 2012இல் வெளியிட்ட கட்டுரை கருத்தூன்றி நோக்கத்தக்கது. முன்யோசனையுடன் புல்லைச் சேமித்து, வைக்கோல் ஆயத்தஞ் செய்த இடங்களிலும் நட்டம் நேர்ந்தது. காரணம், பனி மூடிய அயல் மாவட்டங்களிலிருந்து ஓத்தர் வந்தோர் அச்சேமிப்பையும் மேய்த்துத் தீர்த்தமையே. வந்தவர் கள்வரல்லர், உயிர் தப்ப வந்தவர். இன்று அவர்க்கு வழி மறுத்தால், நாளை தமக்குப் பனி வரும்போது எவரும் வழிவிடார் என்பதை இருந்தவரும் அறிவர். ஈதல் கடமை, ஈந்தால் தாமும் அழிவர். தனிமனிதரின் நற்குணத்தால் மட்டும் இச்சிக்கலை அவிழ்த்தல் இயலாது. மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையே முன்கூட்டிய உடன்பாடும், ஓத்தருக்கெனத் தனியே விடப்பட்ட நிலமும், வருவோர் தொகையை வரையறுக்கும் அதிகாரமும் வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

முடிபு

இவ்வாராய்ச்சிகளால் நாம் பெறும் பயன் யாது? மேய்ச்சல் நிலத்தின் உரிமை, ஒரே கயிற்றாற் பிணித்த ஒரு பொருளன்று. பல இழைகளாற் பின்னப்பட்டது. குளிர்காலத் தங்கிடம் குடும்பத்துக்கு உறுதியாக உரியதாகலாம். அதனைச் சூழ்ந்த பனிக்காலப் புல் அயலில் வாழும் சில குடும்பங்களின் கூட்டுக்கு உரியதாகலாம். கோடை நிலம் மாவட்டத்தார் அனைவர்க்கும் பொதுவாகலாம். இடர்க்காலப் பெயர்ச்சி வழி நாட்டின் பொறுப்பிலே திறந்திருக்கலாம். இவ்வொவ்வோர் இழைக்கும் அதனை முறைசெய்வோர் வேண்டும். முறைசெய்வோர்க்கு மக்களின் நம்பிக்கையும் சட்டத்தின் துணையும் வேண்டும். அவ்விரண்டுள் ஒன்று குறைந்தாலும் மற்றொன்று பயன்படாது என்பதே 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரலாறு காட்டும் பாடம்.

உரிமை என்றவுடன் வேலியை நினைப்பது உழவரிடையே பிறந்தோர்க்கு இயல்பு. அவ்வியல்பே சட்டம் இயற்றுவோரையும் பன்முறை வழிதவறச் செய்துள்ளது. ஓராண்டில் நான்கு முறை கூடாரம் பெயர்க்கும் ஒருவனுடைய உரிமை நிலத்தின் எல்லையில் மட்டும் தங்கியிருப்பதில்லை; எப்பருவத்தில் யார் எங்கே வரலாம் என்பது பற்றி அயலாரோடு அவன் செய்துகொண்ட உடன்பாட்டிலும் அது தங்கியுள்ளது. அவ்வுடன்பாட்டைக் காக்கும் சட்டமே புல்லையும் காக்கும்.